நாற்பது நாள் மூச்சு

கிடங்கில் எல்லோருக்கும் அவள் மூக்கக்கா. ஏதோ கிளி மூக்கு என்று நினைத்துவிட வேண்டாம்; முகத்தில் இருப்பது சப்பை மூக்குதான். ஆனால் எந்தப் பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து நீட்டினாலும், ஓரத்தில் லைட்டரால் ஒரு சூடு வைத்து, ஊதி அணைத்து, எழும் புகையை ஒரே ஒரு இழுப்பு இழுத்தாளானால் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவாள். அணைத்த மெழுகுவத்தி மணந்தால் கடைக் கவர். மூக்குக்குள் ஊசி குத்தினால் குழாய் வகை. முடி பொசுங்கிய நாற்றமென்றால் நைலான். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. தலைவலி மாத்திரையை மூன்று வேளைச் சாப்பாடு மாதிரி முழுங்கிக்கொண்டு செய்கிற வேலை.

அவள் வாயிலிருந்து வருவது இரண்டே தீர்ப்பு. "உருகும்" என்றால் சரக்கு இடது பக்கம் போகும். அதைப் பொதியாக இறுக்கிக் கட்டி, குருணை ஆலைக்கு லாரியில் ஏற்றுவார்கள். ஆலையில் உருக்கிக் குருணையாக்கினால், குருணையிலிருந்து மறுபடி கவரும் வாளியும் பிறக்கும். "எரியும்" என்றால் வலது பக்கம். நொறுக்குத்தீனி உறைகள், ஷாம்பு பாக்கெட்டுகள், வெளியே வண்ணமும் உள்ளே வெள்ளியுமாகப் பளபளக்கிற சமாச்சாரங்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். நாலு வகைப் படலம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் பிரிக்கவும் முடியாது, உருக்கவும் முடியாது, வாங்க நாதியில்லை. அதெல்லாம் கிடங்குக்குப் பின்னால் உள்ள பொட்டலில் குவிந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு, அதிகாரிகள் வீட்டுக்குக் கிளம்பும் சமயமாகப் பார்த்துக் கொளுத்தப்படும். எரிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கத்தான் செய்கிறது. சட்டத்துக்கும் ஐந்து மணிக்கு வேலை முடிந்துவிடும்.

பொட்டலுக்கு அந்தப் பக்கம் எட்டு அறைகள் கொண்ட ஒரு வரிசை. எல்லாவற்றுக்கும் தகரக் கூரை. ஐந்தாம் அறையில் அவளும் அவள் வீட்டுக்காரரும். அவர் அதே குருணை ஆலையில், உருக்கும் இயந்திரத்தின் முன்னால், இருபத்திரண்டு வருஷம் நின்றவர். நின்றதற்குக் கிடைத்த பரிசு, வலது முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தீத்தழும்பும், மாடிப்படி நாலு ஏறினால் நாய் மாதிரி இரைக்கிற ஒரு நெஞ்சும். இரண்டு வருஷமாக வீட்டில்தான் இருக்கிறார். மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ஆக, அவருக்கு இவள், இவளுக்கு அவர்.

"இவருக்குப் புகையும் ஆகாது, வெக்கையும் ஆகாதும்மா. காத்தோட்டமா, குளிர்ச்சியா ஒரு இடத்துல வைங்க" என்றார் டாக்டர்.

திரும்பி வரும் வழியில் வீட்டுக்காரர் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஐந்தாவது இடத்தில் சொன்னார்: "குளிர்ச்சியா வைக்கணுமாம். என்னைக் காய்கறின்னு நினைச்சிட்டாரு போல."

அவள் சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சன்னலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அறைக்கு இருப்பதே ஒரு சன்னல், அதுவும் பொட்டலைப் பார்த்த சன்னல். திறந்தால் புகை. மூடினால் தகரத்தின் கீழே வேக வேண்டியதுதான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் அவருடைய நெஞ்சு. ஐந்து மணி ஆனால் அவள் ஓடி வந்து சன்னலைச் சாத்துவாள், ஈரத்துணியை அவர் கழுத்தில் போடுவாள், அட்டையால் விசிறுவாள். தகரம் இறக்கிய சூட்டில் துணி கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

வெயிலும் முன்னைப் போல இல்லை. முன்பெல்லாம் வருஷத்தில் இரண்டு மாதம் மண்டையைப் பிளக்கும், பிறகு தானாக அடங்கும். இப்போது வருகிற நாள் தெரிகிறது, போகிற நாளைத்தான் காணோம். அந்த வருஷம் கோடை பிறப்பதற்கு முன்பே பக்கத்து அறைக்காரி தகரத்தின் மேல் காயப்போட்ட பிளாஸ்டிக் தட்டு வளைந்துபோயிற்று. அதை எடுத்துவந்து எல்லோரிடமும் காட்டிச் சிரித்தாள். மூக்கக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டு வளைகிற சூட்டில் தன் மனிதர் என்ன ஆவார் என்றுதான் நினைப்பு ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பொட்டல் ஓரத்துக் கம்பத்தில் ஒரு சாம்பல்நிறப் பெட்டியை மாட்டினாள். சூடு எவ்வளவு, புகை எவ்வளவு என்று அது அளக்குமாம். கிடங்கு நிழலில் தண்ணீர் குடிக்க ஒதுங்கியவளை மூக்கக்கா பிடித்துக்கொண்டாள்.

"இந்த வெயில் ஏம்மா வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது?"

அந்தப் பெண் வலது குவியலிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். "இது எதுல செஞ்சது தெரியுமாக்கா? பூமிக்கடியில கிடந்த எண்ணெயும் வாயுவும். அதை எடுக்கும்போதும் புகை, இதைச் செய்யும்போதும் புகை. எரிச்சா உள்ள இருக்கிற கரி மொத்தமும் மேல போயிடும். போனது சீக்கிரத்துல இறங்காது. போர்வை போத்துன மாதிரி சூட்டை உள்ளயே பிடிச்சு வெச்சுக்கும்."

"எரிக்காம சும்மா போட்டு வெச்சா?"

"வெயில்ல கிடந்து நைஞ்சு போகும்போது அதுவும் வாயு விடும்க்கா. கொஞ்சம்தான், ஆனா விடும்."

"உருக்கினா?"

"புதுசா செய்யுறதுக்கு அது தேவலை. ஆனா உருக்கக் கரண்ட் வேணும், கரண்டுக்கு இங்க நிலக்கரிதானே எரிக்கிறாங்க. அதுவுமில்லாம எத்தனை தடவை உருக்குவீங்க? ரெண்டு தடவை, மூணு தடவை. அப்புறம் அதுவும் எரியத்தான் வரும்."

"நல்லாயிருக்கு போ. எரியுற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளின்னு கேட்டுக்கிட்டு நிக்குறேன் நான்."

"செய்யாமலே இருந்திருக்கணும்க்கா" என்றாள் அந்தப் பெண். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். நூறு வயதுக் களைப்போடு சொன்னாள்.

மூக்கக்கா பொட்டலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இந்தப் பொட்டல்ல எரியுறதுல பாதியை நிறுத்தினா வெயில் குறையுமா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. எதிரில் இருந்த முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "குறையாதுக்கா. உலகம் பூரா எரியுது."

"மூச்சு?"

"என்னக்கா?"

"அதோ, அந்த வீடுங்கள்ல இருக்கிறவங்களுக்கு மூச்சு?"

"அது லேசாகும். கண்டிப்பா லேசாகும்."

உலகத்தைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் அவளுக்கு எப்போதும் கிடையாது. ஐந்தாம் அறையைக் காப்பாற்றினால் போதும். மறுநாள் காலையில் வலது பக்கக் குவியலிலிருந்து ஒரு கைப்பிடி உறையை எடுத்து, மடியில் செருகி, பொதி கட்டும் இயந்திரத்துக்குப் போகிற நல்ல கவர்களின் நடுவில் திணித்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நறுக்கிப் போட்டால் மறைக்கலாம்.

யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவர்கள் கண்ணை அவர்களே நம்பியிருக்க மாட்டார்கள். அந்தக் கிடங்கின் பொதிகளை ஆலையில் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. "மூக்கக்கா சரக்கு" என்றால் நேராகத் தொட்டியில் கொட்டுவார்கள். அவ்வளவு பெயர். வேலியே பயிரை மேய ஆரம்பித்தது.

இதில் என்ன ஆபத்து என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவர் முழங்கைத் தழும்பு எப்படி வந்தது என்பதை அவரே நூறு தடவை சொல்லியிருக்கிறார். உருகிய குழம்பை இயந்திரம் ஒரு கம்பிச் சல்லடை வழியாகத் தள்ளும். உருகாத படலம் உள்ளே வந்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறும். சல்லடையைக் கழற்றி மாற்றப் போகிறவன் மேல் குழம்பு துப்பும். அதனால்தான் ஒரு பொதிக்கு ஒரு கைப்பிடி என்று கணக்காக வைத்தாள். அந்த அளவை இயந்திரம் தாங்கும்.

ஆசை கைப்பிடியோடு நிற்குமா? பத்து நாளில் வெயில் இன்னும் ஏறியது. கைப்பிடி இரண்டாயிற்று. பிறகு ஓர் அணை, அதாவது இரண்டு கையாலும் அணைத்து அள்ளுகிற அளவு. நாலாவது வாரத்தில் வலது பக்கத்துச் சரக்கில் பாதிக்கு மேல் இடது பக்கம் குடிபோய்விட்டது. பொட்டலில் ஐந்து மணிக்கு மலையாக எரிந்தது, குப்பைக்காரன் கூட்டி வைத்த குவியல் அளவுக்குச் சுருங்கிற்று.

"இப்பல்லாம் கழிவு ரொம்பக் குறைஞ்சு போச்சே. சனங்க திருந்திட்டாங்க போல" என்றார் முதலாளி.

"ஆமாங்க, திருந்திட்டாங்க" என்றாள் அவள்.

வீட்டில் நடந்ததுதான் அதிசயம். சூடு சூடாகவே இருந்தது. வெயிலை ஏமாற்ற அவளால் முடியவில்லை. ஆனால் சாயங்காலம் சன்னலைத் திறந்து வைக்க முடிந்தது. மூன்றாவது வாரம் வீட்டுக்காரர் நடுவில் எழுந்து உட்காராமல் தூங்கினார். நாலாவது வாரம் தெருக்கோடிக் குழாய் வரைக்கும் நடந்து, ஒரு குடம் தண்ணீரை இரண்டு இடத்தில் மட்டும் இறக்கி வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். அவள் திட்டினாள். அவர் பயில்வான் மாதிரி கையை மடக்கிக் காட்டினார்.

இதற்கெல்லாம் காரணம் தாம் செய்கிற மூச்சுப் பயிற்சி என்று அவர் முடிவு கட்டிவிட்டார். விடிந்ததும் வாசலில் உட்கார்ந்து, ஒரு மூக்கை அடைத்து, பத்து எண்ணி, மறு மூக்கில் விடுவார். மூன்றாம் அறைக் கிழவரையும் ஏழாம் அறைத் தையல்காரியையும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். "மனசு வெச்சா முடியாதது ஒண்ணும் இல்ல. டாக்டரு என்ன டாக்டரு" என்பார். ஆறாவது வாரம் ஆலையின் பழைய மேஸ்திரிக்குப் போன் போட்டு, வாசலில் உட்காருகிற வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பார்க்கலாம் என்று மேஸ்திரி சொன்னதே அவருக்கு வேலை கிடைத்த மாதிரி இருந்தது. சட்டையைத் துவைத்துத் தேய்த்து மாட்டிவைத்தார்.

சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஒரு தடவை தோன்றியது. சட்டையைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். இவ்வளவு சந்தோஷத்தை எந்தப் பொம்பளை கெடுப்பாள்? மறுநாள் இரண்டு அணை கலந்தாள்.

நாற்பதாம் நாள் மூன்று லாரிகள் கிடங்கு வாசலில் வந்து நின்றன. காலி லாரிகள் அல்ல. போன சரக்கு அப்படியே திரும்பி வந்திருந்தது. ஆலையில் ஒரே வாரத்தில் ஐந்து தடவை சல்லடை அடைத்திருக்கிறது. ஐந்தாவது தடவை ஒருவன் தோளில் குழம்பு பட்டுவிட்டது. சந்தேகப்பட்டுப் பொதிகளை அறுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றின் நடு வயிற்றிலும் வெள்ளி உறை.

தோள் என்று கேட்டதும் அவள் கண்ணில் வந்து நின்றது வீட்டுக்காரரின் முழங்கைத் தழும்பு. முதலாளி கத்திக்கொண்டிருந்தார். "யார் செஞ்ச வேலை இது? யார்?" அவர் கண் எல்லோர் மேலும் போயிற்று, அவளை மட்டும் தாண்டிப் போயிற்று. கடைசியில், சேர்ந்து இரண்டு மாதமே ஆன இரண்டு பெண்கள் மேல் போய் நின்றது. "நீங்க ரெண்டு பேரும் நாளையிலேருந்து வர வேண்டாம்."

"அவங்க இல்லீங்க. நான்தான் கலந்தேன்" என்றாள் மூக்கக்கா.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பிறகு முதலாளி இல்லையென்று தலையை ஆட்டினார். "உனக்கு இளகின மனசுன்னு எனக்குத் தெரியும்க்கா. அதுக்காக ஊரார் பழியெல்லாம் உன் தலையில ஏத்திக்காத."

"சத்தியமா நான்தாங்க. ஒவ்வொரு பொதியிலயும் என் கையாலதான்."

"இருபத்தாறு வருஷமா உன்னைப் பாக்கிறேன். உன் கை தப்பு செய்யாது. போ, போய் தண்ணியக் குடி."

அந்த இரண்டு பெண்களும் போகும்போது அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "எங்களுக்காகப் பேசினீங்களேக்கா" என்றாள் ஒருத்தி. செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவள் முதலாளியின் பின்னாலேயே போனாள். "எல்லாத்தையும் நானே பிரிச்சுத் தர்றேங்க. சம்பளம் வேண்டாம்."

"மூணு லாரி. நீ ஒருத்தி. பிரிக்கிறதுக்குள்ள அடுத்த கோடை வந்துடும். திங்கக்கிழமை புதுச் சரக்கு வந்து நிக்கும், அதை என் தலையிலயா கொட்டுறது? ஞாயித்துக்கிழமை அதிகாரிங்களுக்கு லீவு. கொளுத்திவிட்டுடலாம்."

"கொஞ்சம் கொஞ்சமா..."

"ஒரே நாள்தான்க்கா. தலைவலி விட்டுது."

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் சோறு தண்ணீர் இல்லாமல் பொதிகளை அறுத்தாள். பதினொன்று முடிந்தது. நூற்று நாற்பதுக்கு மேல் பாக்கி. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள் வீட்டுக்காரரிடம். நன்றாக இருக்கும் ஆளை எதற்கு என்று அவர் கேட்டார். சும்மா காட்டிவிட்டு வரலாம் என்று இழுத்துக்கொண்டு போனாள். பெரிய ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க வெயிலில் விழுந்தவர்கள் தரையில் கிடந்தார்கள். நடந்து வந்தவருக்கு அங்கே இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் நிறுத்தத்துக் கூரையின் கீழ் அவரை உட்காரவைத்தாள். பதினோரு மணிக்கு அந்தக் கூரையும் தகரம்தான் என்று காட்டிவிட்டது. பெஞ்சு சுட்டது. அவர் உதடு வெளுத்தது. "வீட்டுக்குப் போலாம்மா. படுத்தா சரியாயிடும்" என்றார். எங்கே போக? வெயிலுக்குப் பயந்து புகைக்குள் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பொட்டல் முழுக்கத் தீ. சூரியனே தெரியாத அளவுக்குக் கறுப்புப் புகை. அன்றைக்குக் கம்பத்துப் பெட்டி காட்டிய எண்ணைப் பிற்பாடு அந்தக் கல்லூரிப் பெண் நம்பவில்லையாம். கருவி கெட்டுவிட்டது என்று கழற்றிக்கொண்டு போனாளாம்.

சன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாள். புகைக்கு இடுக்கு எது, கதவு எது? வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சைத் தேடினார். கொஞ்சம் கிடைத்ததும் முகத்தைச் சுளித்தார். இருபத்திரண்டு வருஷம் குழம்பின் மணத்தில் நின்றவர். பெண்டாட்டிக்கு இருக்கிற மூக்கில் கால்வாசியாவது அவருக்கும் உண்டு.

"கவர் எரியுதே... நல்ல சரக்கு... உருகுற சரக்க ஏன் எரிக்கிறாங்க?"

அவள் இடுக்குத் துணியை இன்னும் அழுத்தித் திணித்தாள்.

"கலப்படம் ஆகித் திரும்பி வந்திருக்கும். எந்தப் பாவி பிரிச்சானோ. உன் கை பட்டிருந்தா இப்படி ஆகுமா?"

"என் கைதாங்க" என்றாள்.

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். கைப்பிடி, அணை, லாரி, ஒருத்தன் தோள், எதையும் விடவில்லை. அவர் முதலாளியைப் போலத் தலையை ஆட்டவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போலேருந்து?"

"அளவெடுக்கிற பொண்ணு வந்துச்சே, மறுநாள்லேருந்து."

அவர் மனதுக்குள் நாட்களை எண்ணுவது தெரிந்தது. குடம் தூக்கிய நாள், கிழவருக்குக் கற்றுக்கொடுத்த நாள், மேஸ்திரிக்குப் போன் போட்ட நாள்.

"அப்போ... நான் தேறல" என்றார்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் கை அவள் தலையைத் தேடி வந்து தொட்டது.

"அழாத. இந்த வரிசையில யாருகிட்டயும் சொல்லாத. அந்த மூச்சுப் பயிற்சிய ரெண்டு பேருக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்... மானம் போயிடும்" என்றார். சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

சாயங்காலம் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது ஆஸ்பத்திரியில் இடம் கொடுத்தார்கள். நடந்து வரவில்லை அல்லவா. புதன்கிழமை காலையில் வராந்தாத் தரையில், சுற்றுகிற மின்விசிறிக்கு நேர் கீழே, அவர் போய்ச் சேர்ந்தார். வெயில், மூச்சுத்திணறல் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

சாவுக்கு வந்தவர்கள் வாசலில் நிற்க முடியாமல் சுவரோர நிழலில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வேலை போன அந்த இரண்டு பெண்களும் வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நான்தாம்மா கலந்தேன்" என்றாள் மூக்கக்கா. "உங்க வேலை என்னாலதான் போச்சு. இவரும் என்னாலதான் போனாரு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாவம், துக்கத்துல என்னென்னமோ பேசுறாங்க" என்றாள் ஒருத்தி. "யாராவது கொஞ்சம் தண்ணி கொண்டாங்களேன்."

மூக்கக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் சொன்னதை நம்பின ஒரே ஆள் உள்ளே, தேய்த்த சட்டையில், படுத்திருந்தார்.